சட்டையில் பெயர் போடக் காசிருக்கிறது, சம்பளத்துக்கு இல்லையா?

தொழிலாளர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குமுறல்தான். கம்பெனியின் பெயர் காற்பந்துச் சட்டையிலும் மரத்தான் பதாகையிலும் மின்னுகிறது, பேஸ்லிப்பில் மட்டும் எண் நகரவில்லை. சில கடிதங்களைத் தேர்ந்தெடுத்துப் பதில் தந்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயரையும் கம்பெனிகளின் பெயரையும் தவிர்த்துவிட்டோம்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் 1,200 பேர் வேலை செய்கிறோம். இரண்டு வருடமாக இன்க்ரிமெண்ட் இல்லை. "ஆர்டர் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். நாங்களும் பொறுத்தோம். போன மாதம் ஒரு காற்பந்துக் குழுவுக்கு மூன்று வருட ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு 3 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) என்று டவுன்ஹால் கூட்டத்தில் மேனேஜரே பெருமையாகச் சொன்னார். அதைப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு வரும்? நாங்கள் கோபப்படுவது நியாயமா?
— ஒரு வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: நியாயம்தான். இல்லாதவனிடம் யாரும் கேட்கப்போவதில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு பக்கம் அள்ளிக் கொடுத்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அடுத்த கூட்டத்துக்குக் கோபத்தோடு மட்டும் போகாதீர்கள், கணக்கோடு போங்கள்.

3 மில்லியனை 1,200 ஆல் வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரிங்கிட், மாதத்துக்கு 208. இந்த 208 முழுதாக உங்கள் கைக்கு வராது. சம்பளம் 5,000 ரிங்கிட் வரை உள்ளவருக்கு முதலாளி 13 விழுக்காடு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கட்ட வேண்டும். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து ஏறக்குறைய 2 விழுக்காடு, மனிதவள மேம்பாட்டு நிதிக்கான தீர்வை 1 விழுக்காடு. ஆக உங்களுக்கு ஒரு ரிங்கிட் கூட்ட முதலாளிக்கு 1.16 ரிங்கிட் செலவாகிறது. 208ஐ 1.16 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 180. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) அதிகம் ஓடும் இடமென்றால் இன்னும் கொஞ்சம் குறையும், ஏனென்றால் அடிப்படை ஏறினால் ஓ.டி. விகிதமும் ஏறும்.

இந்த 180ஐ எதோடு ஒப்பிடுவது? விலைவாசியோடு. மலேசியாவில் பணவீக்கம் 2022ல் 3.3 விழுக்காடு, 2023ல் 2.5, 2024ல் 1.8. மூன்றையும் கூட்டக் கூடாது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும்: 1.033 × 1.025 × 1.018. விடை 1.078. 2021ல் 2,800 ரிங்கிட் வாங்கியவருக்கு 2024ல் 3,018 இருந்தால்தான் பழைய 2,800க்குச் சமம். வித்தியாசம் 218. மூன்றாண்டு விலைவாசி தின்றது மாதம் 218 ரிங்கிட், ஸ்பான்சர் கட்டணம் ஆளுக்கு 180. நீங்கள் ஆடம்பரமாக எதையும் கேட்கவில்லை என்பதற்கு இந்த இரண்டு எண்களே சாட்சி. ஒவ்வொருவரும் தம் 2021 சம்பளத்தை 1.078 ஆல் பெருக்கி ஒரே தாளில் எழுதுங்கள். இடையில் வேறு ஆண்டில் உயர்வு கிடைத்தவர் அந்த ஆண்டிலிருந்து கணக்கிட வேண்டும். இதைக் கவனிக்காமல் எல்லாருக்கும் ஒரே விழுக்காடு போட்டுக் கொடுத்தால் எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) முதல் நிமிடத்திலேயே பிழை கண்டுபிடித்துத் தாளை ஒதுக்கிவிடும்.

இன்னொன்று. 3 மில்லியன் என்பது பெயர் போடும் உரிமைக்கான கட்டணம் மட்டும். அந்த உரிமையைப் பயன்படுத்த விளம்பரம், கூடாரம், விருந்தினர் இருக்கை, பரிசுப் பொருள், ஆட்கள் என்று தனிச் செலவு உண்டு. உரிமைக்கு ஒரு ரிங்கிட் கொடுத்தால் பயன்படுத்த இன்னொரு ரிங்கிட்டாவது ஒதுக்கு என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் வழக்கமான கணக்கு. மேனேஜர் சொன்ன தொகையில் எது அடங்கும் என்று கேளுங்கள்.

இனி நிர்வாகம் வெளியே சொல்லாத காரணத்துக்கு வருவோம். ஸ்பான்சர் ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு. அடிப்படைச் சம்பளத்தில் ஏறிய 180க்கு முடிவுத் தேதி கிடையாது. அடுத்த உயர்வு, ஓ.டி., மாதக்கணக்கில் கொடுக்கும் போனஸ், ஆட்குறைப்பு இழப்பீடு எல்லாம் அதன்மேல்தான் கணக்காகும். முதலாளிகள் பயப்படுவது இதற்குத்தான். எனவே "காசில்லை" என்ற பதிலை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். கொடுக்க இயலவில்லையா, நிரந்தரமாகக் கொடுக்க மனமில்லையா என்று நேராகக் கேளுங்கள். இரண்டாவதுதான் என்றால் பேச இடமிருக்கிறது. ஸ்பான்சர் ஒப்பந்தம் ஓடும் அதே மூன்று ஆண்டுக்கு மாதந்தோறும் நிலையான வாழ்க்கைச் செலவுப் படி கேட்கலாம்.

கடிதத்தில் எந்தச் சொல் வருகிறது என்பதில் மிகக் கவனம் வேண்டும். மாதந்தோறும் வரும் நிலையான படிக்கு இ.பி.எஃப். உண்டு, ஓ.டி. கணக்கிலும் அது சேரும். ஆண்டு போனஸ் ஓ.டி. கணக்கில் சேராது. "எக்ஸ் கிரேஷியா" என்று எழுதியிருந்தால் அது ஒருமுறை மனமுவந்து தந்தது, அடுத்த ஆண்டு கேட்க உரிமை கிடையாது. மூன்றும் வங்கிக் கணக்கில் ஒரே மாதிரி விழும். வித்தியாசம் அடுத்த ஆண்டுதான் தெரியும்.

கேள்வி: கம்பெனி ஸ்பான்சருக்கு உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது என்று ஊழியர் தெரிந்துகொள்ள வழி உண்டா? எச்.ஆரில் கேட்டால் "ரகசியம்" என்கிறார்கள்.
— ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஓரளவுக்கு உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியென்றால் நிதியாண்டு முடிந்து நான்கு மாதத்துக்குள் ஆண்டறிக்கை வெளிவர வேண்டும். புர்சா மலேசியா இணையத்தளத்தில் அதை இலவசமாகப் படிக்கலாம். முன்பக்கத்துப் படங்களைத் தாண்டி நிதிக் கணக்கின் குறிப்புகளுக்குப் போங்கள். "ஊழியர் செலவு", "இயக்குநர் ஊதியம்", "விற்பனை, விளம்பரச் செலவு" ஆகிய மூன்றையும் தேடுங்கள். ஸ்பான்சருக்கென்று தனி வரி பெரும்பாலும் இருக்காது, விளம்பரத்துக்குள் கரைந்திருக்கும். ஆகவே ஒரே ஆண்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்று ஆண்டு அறிக்கையை அருகருகே வையுங்கள். ஒப்பந்தம் தொடங்கிய ஆண்டில் விளம்பரச் செலவு திடீரென ஏறியிருந்தால் அந்த ஏற்றம்தான் உங்களுக்கு வேண்டிய தடயம்.

ஊழியர் செலவைப் படிக்கும்போது பலர் ஏமாறுகிறார்கள். மொத்தம் 8 விழுக்காடு ஏறியிருக்கும், நிர்வாகம் "பார், சம்பளத்துக்கு எவ்வளவு கூட்டியிருக்கிறோம்" என்று காட்டும். ஆள் எண்ணிக்கை 10 விழுக்காடு கூடியிருந்தால் தலைக்கு விழுந்தது குறைந்துதானே போயிருக்கிறது? ஊழியர் எண்ணிக்கை அதே ஆண்டறிக்கையின் நிலைத்தன்மைப் பகுதியில் இருக்கும். அதைக்கொண்டு வகுத்துப் பார்த்த பிறகே பேசுங்கள். சில கம்பெனிகள் இயக்குநர் ஊதியத்தையும் ஊழியர் செலவுக்குள் சேர்த்துக் காட்டும். அதைக் கழிக்க வேண்டும்.

செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனியென்றால் எஸ்.எஸ்.எம். என்ற மலேசிய நிறுவன ஆணையத்தின் இணையச் சேவையில் சிறு கட்டணம் கட்டி நிதிக் கணக்கை வாங்கலாம். கம்பெனியின் பதிவு எண் வேண்டும், அது உங்கள் பேஸ்லிப்பிலோ நியமனக் கடிதத்திலோ இருக்கும். சில சிறு குடும்பக் கம்பெனிகளுக்குக் கணக்குக்குப் பதிலாக ஒரு சான்றிதழ் மட்டும் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படியென்றால் எண் எதுவும் கிடைக்காது.

வெளிநாட்டுக் குழுமத்தின் கிளையில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "அது தலைமையகத்தின் பணம், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தலைமையகம் பல நேரங்களில் அந்தச் செலவை வணிகப்பெயர்க் கட்டணமாகவோ நிர்வாகக் கட்டணமாகவோ கிளைகளின்மேல் போடுகிறது. உள்ளூர்க் கணக்கில் "தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனை" என்ற குறிப்பைப் பாருங்கள். அந்தக் கட்டணம் ஆண்டுக்காண்டு ஏறி உள்ளூர் இலாபம் இறங்கிக்கொண்டே வந்தால், நீங்கள் பினாங்கில் சம்பாதித்தது வேறெங்கோ ஒரு சட்டையில் ஒட்டப்படுகிறதா என்று கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

பட்டியலிட்ட கம்பெனியில் 100 பங்கு, அதாவது ஒரு லாட், வாங்கியவரும் பங்குதாரர்தான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம். "இந்த ஸ்பான்சரால் விற்பனை எவ்வளவு கூடியது, எப்படி அளந்தீர்கள்?" என்று கேளுங்கள். சம்பளத்தைப் பற்றி அங்கே பேச்செடுத்தால் "உள்விவகாரம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். விளம்பரச் செலவின் பலனைக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: எங்கள் கம்பெனி ஸ்பான்சர் செய்த ஓட்டப் போட்டியில் ஞாயிறு காலை 6 மணிக்கு வந்து தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். 1 மணிக்குத்தான் விட்டார்கள். ஒரு டி-சட்டையும் நாசி லெமாக்கும் கொடுத்தார்கள், சம்பளம் இல்லை. வேறு சிலருக்குச் சட்டைக்காக 65 வெள்ளி பிடித்தும் விட்டார்கள். கேட்கலாமா?
— ஒரு வாசகர், பிறை

பதில்: தாராளமாகக் கேட்கலாம். வாராந்திர ஓய்வு நாளில் வேலைக்கு வரும்படி ஊழியரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அவசரநிலை, தொடர் ஷிப்ட் போன்ற சில விலக்குகள் உண்டு. ஓட்டப்போட்டியில் தண்ணீர் கொடுப்பது அதில் சேராது.

மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட் வரை உள்ளவருக்குக் கணக்கு இப்படி. சம்பளம் 2,600 என்றால் 26 ஆல் வகுக்க ஒரு நாளுக்கு 100. ஓய்வு நாளில் வழக்கமான நேரத்தின் பாதி வரை வேலை செய்தால் அரைநாள் சம்பளம், அதாவது 50. பாதியைத் தாண்டினால் முழுநாள், 100. எட்டு மணி நேர வேலைக்காரர் 6 முதல் 1 வரை ஏழு மணி நேரம் நின்றதால் 100 ரிங்கிட் வர வேண்டும், மாதச் சம்பளத்துக்கு மேற்பட்டு. எட்டைத் தாண்டி நின்றால் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் இரு மடங்கு, இந்தச் சம்பளத்துக்கு மணிக்கு 25 ரிங்கிட்.

இரண்டு இடத்தில் வழுக்கும். முதலில், அந்த ஞாயிறு உங்கள் ஓய்வு நாள்தானா என்று அட்டவணையைப் பாருங்கள். ஐந்து நாள் வேலை செய்யும் இடங்களில் ஒரு நாள் "ரெஸ்ட் டே" (ஓய்வு நாள்), மற்றது "ஆஃப் டே". ஆஃப் டேயில் இந்தக் கணக்கு செல்லாது, கூடுதல் நேரத்துக்கு 1.5 மடங்கு ஓ.டி. என்றுதான் கேட்க வேண்டும். அடுத்தது, நிர்வாகம் "சுயவிருப்பத்தில் வந்தார்கள்" என்று சொல்லும். உண்மையிலேயே விரும்பிப் போனவருக்குச் சம்பளம் கேட்க முடியாது. ஆனால் சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் "வாஜிப் ஹாடிர்" (கட்டாயம் வர வேண்டும்) என்று போட்டிருந்தாலோ, வராதவரிடம் காரணம் கேட்டிருந்தாலோ அது கட்டாயம்தான். அனுப்பியவர் பெயர், தேதி, நேரம் தெரியும்படி அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். குழுவிலிருந்து உங்களை நீக்கிவிட்டால் பிறகு எடுக்க முடியாது.

டி-சட்டைக்கு 65 ரிங்கிட் பிடித்தது தனிக் குற்றம். சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. ஊழியர் எழுதிக் கேட்காத விளம்பரச் சட்டை அதில் கிடையாது. முதலில் எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். பதிலில்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார். நேரில் போகலாம், "ஒர்க்கிங் ஃபார் ஒர்க்கர்ஸ்" செயலி வழியும் கொடுக்கலாம். பேஸ்லிப், அட்டவணை, அந்த வாட்ஸ்அப் படம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் சங்கம் அடுத்த கூட்டு ஒப்பந்தத்துக்குத் தயாராகிறது. "ஸ்பான்சரை ரத்து செய், அந்தப் பணத்தைச் சம்பளத்தில் போடு" என்று கோரிக்கையில் எழுதலாமா?
— சங்கச் செயலவை உறுப்பினர், ஷா ஆலாம்

பதில்: எழுதாதீர்கள். எழுதினால் பேச்சு சம்பளத்தை விட்டு விளம்பரத்துக்குப் போய்விடும். விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிப்பது நிர்வாகத்தின் அதிகாரம் என்று ஒரு பக்கக் கடிதத்தில் பதில் தந்துவிடுவார்கள், ஒரு மாதம் வீணாகும்.

சம்பளத் தகராறு தொழிலியல் நீதிமன்றம் வரை போனால் அங்கே எடைபோடுவது பெரும்பாலும் மூன்றைத்தான்: வாழ்க்கைச் செலவு உயர்வு, அதே தொழிலில் ஒத்த நிறுவனங்கள் தரும் சம்பளம், முதலாளியின் கொடுக்கும் சக்தி. உங்கள் கோரிக்கையும் அந்த வரிசையில் இருக்கட்டும். முதலாவதற்குப் பயனீட்டாளர் விலைக் குறியீட்டை, ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் மேலே சொன்னபடி பெருக்கி வையுங்கள். இரண்டாவதற்குக் குறைந்தது மூன்று நிறுவனங்களின் கூட்டு ஒப்பந்தச் சம்பளப் பட்டியல் வேண்டும். ஒரே வட்டாரம், ஒரே வேலைத்தரம் என்று பார்த்து எடுங்கள். பாயான் லெப்பாஸ் பன்னாட்டு நிறுவனத்தின் டெக்னீஷியன் சம்பளத்தைக் காஜாங் சிறு தொழிற்சாலை ஆப்பரேட்டருக்கு ஒப்பிட்டால் நிற்காது. ஸ்பான்சரின் இடம் மூன்றாவதில். "இந்த ஆண்டு கொடுக்க இயலாது" என்று நிர்வாகம் சொன்ன அதே ஆண்டில் கட்டாயமில்லாத எந்தச் செலவுக்கு எவ்வளவு ஒப்புக்கொண்டது என்று தேதியோடு எழுதுங்கள். நிர்வாகம் சம்பளத்தை மறுத்த கடிதத்தின் தேதியும் ஸ்பான்சர் பத்திரிகை அறிக்கையின் தேதியும் அடுத்தடுத்து இருந்தால் அதற்குமேல் நீங்கள் எதுவும் விளக்கத் தேவையில்லை. இயலாது என்பவர் கணக்கைக் காட்டித்தான் அதை நிறுவ வேண்டும்.

1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின்படி பேச்சுவார்த்தைக்கான உங்கள் அழைப்பு கிடைத்த 14 நாளில் நிர்வாகம் பதில் தர வேண்டும், ஏற்றுக்கொண்டால் 30 நாளுக்குள் பேச்சு தொடங்க வேண்டும். ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுக்கு. அந்த மூன்று ஆண்டில் விலைவாசி என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. முதல் ஆண்டில் ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு மற்ற இரண்டு ஆண்டைக் காலியாக விடும் தவற்றைப் பல சங்கங்கள் செய்கின்றன. ஆண்டு இன்க்ரிமெண்ட் தனி விதி, சம்பளத் திருத்தம் தனி விதி. இரண்டையும் ஒன்றாக்கவிடாதீர்கள்.

கேள்வி: 2011ல் மலேசியா ஏர்லைன்ஸ் ஓர் ஆங்கிலேயக் காற்பந்துக் குழுவின் சட்டையில் பெயர் போட்டது. பிறகு அங்கே ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்தப் பணம் இருந்திருந்தால் வேலை தப்பியிருக்குமா?
— ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தப்பியிருக்காது. 2011–12 பருவத்தில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் குழுவின் உள்ளூர் ஆட்டச் சட்டையில் அந்தப் பெயர் இருந்தது உண்மை. ஆனால் 2011 கணக்கில் அந்த விமான நிறுவனத்தின் நட்டம் 2.52 பில்லியன் ரிங்கிட். சட்டைச் செலவால் வரும் நட்டமல்ல அது. 2014ல் அறிவித்த சீரமைப்பில் 6,000 பேர் குறைக்கப்பட்டார்கள். சட்டை கண்ணுக்குத் தெரிந்தது, எண்ணெய்ச் செலவும் விமானத் தேய்மானமும் தெரியவில்லை. சம்பளப் பேச்சில் இதை மனத்தில் வையுங்கள். கண்ணில் படும் செலவு எப்போதும் பெரிய செலவாக இருப்பதில்லை. புக்கிட் ஜாலில் உள்ளரங்குக்குப் பெயரிடும் உரிமையை 2017ல் அக்ஸியாட்டா என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் பத்தாண்டுக்கு 55 மில்லியன் ரிங்கிட்டுக்கு வாங்கியது. ஆண்டுக்கு 5.5 மில்லியன். 500 பேர் வேலை செய்யும் கம்பெனிக்கு அது ஆளுக்கு மாதம் 900 ரிங்கிட்டுக்கு மேல், 10,000 பேருக்கு 46 ரிங்கிட்டுக்குக் கீழ். உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் என்பதைக் கொண்டுதான் உங்கள் வாதத்தின் பலமும்.

கேள்வி: ஸ்பான்சர் விழாப் படத்தின் கீழ் ஃபேஸ்புக்கில் "எங்கள் இன்க்ரிமெண்ட் எங்கே?" என்று எழுதினேன். ஷோ காஸ் (விளக்கம் கேட்கும்) கடிதம் வந்துவிட்டது. வேலை போய்விடுமா?
— ஒரு வாசகி, பூச்சோங்

பதில்: அந்த ஒரு வரிக்காக வேலையை விட்டு நீக்குவது மிகக் கடுமையான தண்டனை, அதை நியாயப்படுத்துவது நிர்வாகத்துக்கு எளிதல்ல. ஆனால் கடிதத்தை அலட்சியம் செய்யாதீர்கள். கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். எழுதியது நான்தான், வெளியான செய்தியைப் பற்றியது, உள் ஆவணம் எதையும் வெளியிடவில்லை, யாரையும் பெயர்சொல்லிப் பழிக்கவில்லை என்று நடந்ததை மட்டும் சுருக்கமாகச் சொல்லுங்கள். மேலாளரைத் திருடன் என்று எழுதியிருந்தாலோ, மற்றவர் பேஸ்லிப்பைப் போட்டிருந்தாலோ நிலைமை வேறு.

விசாரணைக்காகத் தற்காலிகமாக நிறுத்தினால் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, அப்போதும் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். "ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பதிவில் கறை விழாது" என்று யாராவது இதமாகப் பேசினால் அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வற்புறுத்தி எழுத வைத்தார்கள் என்பதைப் பிறகு நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். வேலை நீக்கினால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். கம்பெனிக்குள் மேல்முறையீடு செய்துவிட்டுக் காத்திருந்தாலும் இந்த 60 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நல்ல வழக்குகள் பல இங்கேதான் வீணாகின்றன.

கேள்வி: நான் எச்.ஆரில் இருக்கிறேன். ஸ்பான்சர் ஒப்பந்தம் தலைமையகத்தின் முடிவு, எங்கள் கையில் இல்லை. அறிவிப்பு அடுத்த மாதம். ஊழியர்கள் கொதிப்பார்கள் என்று தெரியும். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, பங்சார்

பதில்: உங்கள் கையில் இருப்பது தேதி. சம்பள மறுஆய்வின் முடிவு வெளிவரும் முன் ஸ்பான்சர் விழாவை நடத்தவிடாதீர்கள். உயர்வு சிறிதாக இருந்தாலும் அது முதலில் எழுத்தில் போகட்டும். உயர்வே இல்லையென்றால் எந்த மாதம் மறுஆய்வு, எந்த இலக்கை எட்டினால் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க நிர்வாகத்தைச் சம்மதிக்க வையுங்கள்.

ஒப்பந்தத்தோடு வரும் டிக்கெட்டுகளைப் பற்றி இப்போதே பேசுங்கள். வழக்கமாக அவை மேலாளர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் போய்விடும், உற்பத்தித் தளத்தில் நிற்பவருக்குப் படம் மட்டும்தான் வரும். ஒரு பங்கை ஊழியருக்கென்று ஒதுக்கிக் குலுக்கல் முறையில், எல்லா ஷிப்டும் சேரும்படி கொடுங்கள். இரவு ஷிப்ட்காரருக்கு ஆட்டத்தன்று மாற்று ஷிப்ட் ஏற்பாடு இல்லாவிட்டால் அவர் கையில் இருப்பது வெறும் தாள். ஆனால் சம்பளக் கேள்விக்கு டிக்கெட்டைப் பதிலாக நீட்டாதீர்கள். டவுன்ஹாலில் "எங்களுக்கு என்ன?" என்று ஒருவர் எழுந்து கேட்கும்போது உங்கள் மேலதிகாரியின் கையில் மூன்று ஆண்டு ஊழியர் செலவு, தலைக்கு எவ்வளவு, அடுத்த மறுஆய்வுத் தேதி ஆகிய மூன்றும் எழுதிய தாள் இருக்க வேண்டும். அதை நீங்கள் முதல் நாளே தயாரித்துக் கொடுங்கள்.